அப்பாவைக் கடைசிவரை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள முடியுமா? மார்ஃபின் எங்கே கிடைக்கும்?

தறிக்காரர் மகள் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். அருப்புக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அப்பாவுக்கு 68 வயது. வாழ்நாள் முழுக்கத் தறி ஓட்டியவர். வெற்றிலையோடு புகையிலை அதக்கும் பழக்கம் இளவயதிலிருந்தே உண்டு. இடது கன்னத்தில் புற்றுநோய் வந்து, அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் முடிந்து, ஒரு வருடம்போல நன்றாகத்தான் இருந்தார். பொங்கலுக்குப் பிறகு மறுபடியும் வந்துவிட்டது. கழுத்தில் கட்டி இருக்கிறது, கன்னத்துப் புண் வெளிப்பக்கம் திறந்துவிட்டது. மூக்குக் குழாய் வழியாகத்தான் கஞ்சி.

மருத்துவமனையில் "இனிமேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். சீட்டில் டிரமடால் என்ற வலி மருந்து எழுதியிருக்கிறது. பகலை எப்படியோ ஓட்டிவிடுகிறார். இரவுதான் தாங்க முடியவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கிறார். பேச முடியாது. சிலேட்டில் எழுதிக் காட்டுவார். "ஆஸ்பத்திரி வேண்டாம்" என்று எழுதினார். மறுநாள் "வலி வேண்டாம்" என்று எழுதினார். இரண்டையும் எப்படி நிறைவேற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை.

சென்னையில் இருக்கும் அண்ணன், தனியார் மருத்துவமனையில் ஐசியுவில் சேர்த்துவிடலாம், பணம் நான் தருகிறேன் என்கிறார். அத்தை அதற்கு நேர்மாறு. வெளியே உயிர் பிரிந்தால் உடலை வாசலோடு வைத்து எடுத்துவிடுவார்கள், வீட்டுக்குள் ஏற்றமாட்டார்கள், அந்தக் கதி என் தம்பிக்கு வரக்கூடாது என்று அழுகிறார். கடும் வலிக்குத் தரும் மார்ஃபின், அருப்புக்கோட்டையில் நான் கேட்ட எந்த மருந்துக் கடையிலும் இல்லை. ஒரு கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

வீட்டில் வைத்துப் பார்த்தவர்கள், இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் யாராவது சொல்லுங்கள். புண்ணிலிருந்து வரும் வாடையால் என் பிள்ளைகள்கூட அந்த அறைக்குள் போகத் தயங்குகிறார்கள். அப்பா அதைக் கவனித்துவிட்டார்.

வைகைக்கரை

சகோதரி, மருந்துக் கடைகளில் அலைய வேண்டாம். மார்ஃபினைச் சாதாரணக் கடைகளில் வைக்கமாட்டார்கள். அதற்கென அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளிலும், வலியையும் வேதனையையும் தணிக்கும் நோய் ஆதரவு சிகிச்சை மையங்களிலும்தான் கிடைக்கும். விருதுநகரில் 2022-இலிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே வலி நிவாரணப் பிரிவைக் கேளுங்கள். இல்லாவிட்டால் மதுரை அரசு இராசாசி மருத்துவமனை. மதுரையில் ஐஸ்வர்யம் அறக்கட்டளையின் நேத்ராவதி மையத்திலும் விசாரிக்கலாம். டிஸ்சார்ஜ் சுருக்கம், பயாப்ஸி அறிக்கை, அப்பாவின் ஆதார் நகல் மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். படுத்திருக்கும் நோயாளியை இழுத்துக்கொண்டு போவதற்கு முன்னால், காகிதங்களோடு நீங்கள் மட்டும் ஒருமுறை போய்ப் பேசிப்பாருங்கள்.

மலையடிவாரச் செவிலி

தங்கச்சி, நான் தேனி மாவட்டத்தில் வீடுவீடாகப் போகும் நோய் ஆதரவு சிகிச்சைச் செவிலி. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. "செய்வதற்கு ஒன்றும் இல்லை" என்ற சொல்லை நான் வெறுக்கிறேன். கட்டியைக் கரைக்க வழி இல்லை என்று சொல்லட்டும், அது உண்மை. வலிக்கு, வாடைக்கு, புண்ணுக்கு, வறண்ட வாய்க்கு, உங்கள் பயத்துக்குச் செய்வதற்கு நிறைய இருக்கிறது.

முதலில் அப்பாவின் இரவைச் சரி செய்யுங்கள். வீடா மருத்துவமனையா என்ற பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். கடைசி நேரத்தில் அலறியடித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிட்ட குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் எல்லோருமே வீட்டில் வைத்துப் பார்க்க ஆசைப்பட்டவர்கள். நடு இரவில் வலியோ மூச்சுத்திணறலோ வந்தபோது கையில் மருந்து இல்லை, போன் எடுக்க ஆள் இல்லை. நோயாளி எங்கே இறக்கிறார் என்பதை அந்த இரண்டும்தான் தீர்மானிக்கின்றன.

டிரமடாலுக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு நாளைக்கு 400 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. அந்த எல்லையிலும் வலி அடங்காவிட்டால் அடுத்த படி மார்ஃபின்தான். அதற்கு நிலையான உச்ச அளவு கிடையாது. வலியைப் பார்த்துப் பார்த்து மருத்துவர் கூட்டுவார். மார்ஃபின் தொடங்கும்போது டிரமடாலை நிறுத்திவிடுவார்கள். நீங்களாக இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். அப்பாவால் விழுங்க முடியாது என்பதால் கவலை வேண்டாம். சாதாரண மார்ஃபின் மாத்திரையைப் பொடித்து, தண்ணீரில் கரைத்து, மூக்குக் குழாயில் விடலாம். பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்யும் வகை ஒன்று இருக்கிறது, அதை மட்டும் எக்காரணம் கொண்டும் பொடிக்கக்கூடாது. அரை நாள் மருந்து மொத்தமும் ஒரே நேரத்தில் உடலில் இறங்கிவிடும். வாங்கும்போதே இது எந்த வகை என்று கேட்டு, அட்டையில் பேனாவால் எழுதி வைத்துவிடுங்கள்.

"வலி வந்தால் கொடுங்கள்" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. இரவு 10 மணி வேளைக்கு இரட்டிப்பாக எழுதித் தருவது வழக்கம், அப்போதுதான் நடு இரவு 2 மணிக்கு எழுப்ப வேண்டியிருக்காது. அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், நான் முறையை மட்டும் சொல்கிறேன். இடையில் வலி கிளம்பினால் கொடுக்க ஒரு தனி வேளையும் எழுதித் தரச் சொல்லுங்கள். மார்ஃபின் எழுதும் கையே மலமிளக்கியும் எழுத வேண்டும். எழுதவில்லை என்றால் அறையை விட்டு எழுந்து வராதீர்கள். வலி அடங்கியும் மலச்சிக்கலால் துடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதல் இரண்டு மூன்று நாட்கள் அப்பா அதிகம் தூங்குவார். குமட்டலாம். உடனே உறவினர்கள் "மருந்து கொடுத்து மயக்கிப்போட்டுவிட்டாய்" என்பார்கள். பல நாள் கண் மூடாத மனிதர் வலி விட்டதும் தூங்காமல் என்ன செய்வார்? எழுப்பினால் எழுந்திருக்கிறாரா, மூச்சு சீராக இருக்கிறதா என்று பாருங்கள். எழுப்பியும் விழிக்கவில்லை, மூச்சு மிகவும் மெதுவாகிவிட்டது என்றால் மட்டும் அடுத்த வேளையைக் கொடுக்காமல் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

இனி வாடை. பிள்ளைகள் தயங்குவதை அப்பா கவனித்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு வலியைவிட அதுதான் அதிகமாக வலித்திருக்கும். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் கொஞ்சம் உப்புப் போட்டுப் புண்ணைக் கழுவுங்கள். பழைய துணியைப் பிய்த்து எடுக்காதீர்கள், அதே உப்புத் தண்ணீரால் நன்றாக நனைத்து, தானாக விட்டு வரும்போது எடுங்கள், இல்லாவிட்டால் ரத்தம் கசியும். பிறகு மெட்ரோனிடசோல் மாத்திரையை மாவுபோலப் பொடித்துப் புண்மேல் தூவி, சுத்தமான காஸ் துணி வைத்து மூடுங்கள். மருத்துவரிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள், ஆனால் கட்டாயம் செய்யுங்கள். விலை குறைந்த மாத்திரை, சில நாட்களிலேயே அறையில் மாற்றம் தெரியும். பகலிலும் கொசுவலை கட்டுங்கள். ஈ உட்கார்ந்தால் புழு வைத்துவிடும்.

இதைச் சொல்லாமல் விடலாமா என்று யோசித்தேன். நீங்கள் தனியாக மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதால் சொல்கிறேன். கழுத்தில் கட்டி இருப்பவர்களுக்குச் சில நேரம் ரத்தக்குழாய் அரித்துத் திடீரென்று அதிக ரத்தம் போகலாம். எல்லோருக்கும் நடப்பதில்லை. ஆனாலும் கட்டிலுக்குக் கீழே அடர்நிறத் துண்டுகள், கருஞ்சிவப்போ கரும்பச்சையோ, ஏழெட்டு மடித்து வையுங்கள். வெள்ளைத் துணியில் ரத்தம் பயங்கரமாகத் தெரியும், அப்பாவும் பயப்படுவார், நீங்களும் பயப்படுவீர்கள். அப்படி நடந்தால் பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்து, துண்டால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவர் பக்கத்திலேயே இருங்கள். அந்த நேரத்துக்கென்று ஒரு தூக்க மருந்து எழுதித் தர முடியுமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.

உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நாளைக்கே போங்கள். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் என்றால் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டுவந்து தருவது மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கியபோதே படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கு வந்து ஆதரவு சிகிச்சை தருவதும் இயன்முறை சிகிச்சை தருவதும் அதில் சேர்க்கப்பட்டிருந்தன. கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லி அப்பாவின் பெயரைப் பதியச் சொல்லுங்கள். யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் 104 சுகாதார உதவி எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள். எல்லா வட்டாரத்திலும் ஒரே மாதிரி நடக்கிறது என்று நான் பொய் சொல்லமாட்டேன். ஒரு செவிலிக்கு ஒரு வட்டாரம் முழுவதும் என்றால் மலைக்கிராமத்துக்கு நான் எத்தனை முறை போக முடியும்? அதனால் ஒருமுறை சொல்லிவிட்டுக் காத்திருக்காதீர்கள். திரும்பத் திரும்பக் கேளுங்கள்.

தறிக்காரர் மகள்

அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நாளைக் காலை சுகாதார நிலையத்துக்குப் போகிறேன். கருஞ்சிவப்புத் துண்டு விஷயத்தை யாரும் எனக்குச் சொல்லவே இல்லை.

அண்ணனிடம் பேசினேன். "மார்ஃபின் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார், நீ அவரைக் கைகழுவப் பார்க்கிறாய்" என்றார். இன்னொரு சந்தேகமும் எழுப்புகிறார். வீட்டில் இறந்தால் போலீஸ் வருமா, இறப்புச் சான்றிதழ் கிடைக்குமா என்று கேட்கிறார். இதற்குப் பதில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மயக்கவியல் மருத்துவர்

அம்மா, உங்கள் அண்ணனுக்கு இதை அப்படியே அனுப்புங்கள்.

சரியான அளவில், படிப்படியாகக் கூட்டித் தரும் மார்ஃபின் ஆயுளைக் குறைப்பதில்லை. 2010-இல் அமெரிக்காவின் பாஸ்டனில், முற்றிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும், மற்றவர்களுக்கு அதோடு தொடக்கத்திலிருந்தே ஆதரவு சிகிச்சையும். இரண்டாம் பிரிவினரின் வாழ்க்கைத்தரம் நன்றாக இருந்தது, மனச்சோர்வு குறைவாக இருந்தது. வாழ்ந்த காலத்தின் இடைநிலை அளவு, அதாவது பாதிப் பேர் தாண்டிய காலம், அவர்களுக்கு 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9 மாதம். அது வேறு வகைப் புற்றுநோய், நோயின் வேறு கட்டம். உங்கள் அப்பாவுக்கு இத்தனை மாதம் கூடும் என்று நான் சொல்லவரவில்லை. ஆதரவு சிகிச்சை என்றால் கைகழுவுவது என்ற எண்ணம் தவறு என்பதற்காகச் சொல்கிறேன்.

ஐசியு பற்றி. கழுத்தில் பரவிய கட்டியை வென்டிலேட்டர் குறைக்காது. கைகால்களைக் கட்டி, குழாய் இறக்கி, குடும்பத்தார் பார்க்க நேரம் வகுத்து, பேச முடியாத மனிதரின் சிலேட்டையும் பிடுங்கிக்கொள்வதுதான் அங்கே நடக்கும். பணம் தருகிறேன் என்கிற அண்ணனின் பாசத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அந்தப் பணத்தில் ஒரு காற்றுப் படுக்கையும், சளி உறிஞ்சும் கருவியும், இரவில் உதவிக்கு ஓர் ஆளும் ஏற்பாடு செய்யலாம். அதைவிட, விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து சில இரவுகள் அவரே கண்விழிக்கட்டும். நீங்கள் ஒருவரே எல்லா இரவும் விழித்தால் கடைசியில் களைத்துப்போய் நீங்களே ஆம்புலன்ஸைக் கூப்பிடுவீர்கள்.

போலீஸ் வராது. நோயால் இயற்கையாக வீட்டில் இறப்பவருக்குப் போலீஸ் தேவையே இல்லை. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். கிராமம் என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம், நகராட்சி என்றால் நகராட்சி அலுவலகத்தில். மருத்துவமனைக்கு வெளியே நடக்கும் இறப்புக்கு, கடைசி நோயின்போது பார்த்துவந்த மருத்துவர் 4ஏ படிவத்தில் காரணம் எழுதித் தரலாம். அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. எனவே உள்ளூரில் ஒரு மருத்துவரை இப்போதே வந்து பார்க்கச் சொல்லுங்கள். முன்பின் பாராத மருத்துவரிடம் அன்றைக்குப் போய் நின்றால் எழுதத் தயங்குவார்.

மருந்துக் கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்ததாக எழுதியிருந்தீர்கள். மார்ஃபின் எடுக்கப்படும் அபினியை உரிமம் கொடுத்துப் பயிரிடும் நாடு இது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் விளைகிறது, வெளிநாட்டுக்கும் போகிறது. அப்படியிருந்தும் 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டம் ஆஸ்பத்திரிகளைப் பயமுறுத்தி, மார்ஃபின் வைத்திருப்பதையே விட்டுவிடச் செய்தது. ஒரு புட்டிக்குப் பல உரிமங்கள் வாங்க வேண்டியிருந்தது. 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஒரே அங்கீகாரம் போதும் என்று ஆன பிறகும் பல மருத்துவமனைகள் அதற்கு விண்ணப்பிக்கவே இல்லை. நோயாளி கேட்டால்தானே விண்ணப்பிப்பார்கள்? கேளுங்கள். எழுத்திலேயே கேளுங்கள். உலக அளவில் இந்தச் சிகிச்சை தேவைப்படுவோரில் ஏறத்தாழ 14 சதவீதம் பேருக்குத்தான் அது கிடைக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இந்தியாவில் வீட்டில் இறப்பவர்கள் ஏராளம். அதில் எத்தனை பேர் வலி இல்லாமல் இறக்கிறார்கள் என்பதுதான் என் கவலை.

வியாசர்பாடி

எல்லோரும் வீடு வீடு என்று எழுதுகிறீர்கள். என் மனைவிக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய். நாங்கள் இருந்தது மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. பொதுக் கழிப்பறை, அதுவும் கீழே. மகளுக்கு அந்த வருடம் பிளஸ் டூ தேர்வு. வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை என்று உறவினர்கள் சொன்னதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. சென்னை மாத்தூரில் இருக்கும் ஜீவோதயாவில் சேர்த்தேன். புற்றுநோய் முற்றியவர்களுக்கான இல்லம், பணம் வாங்குவதில்லை. "இங்கே எனக்குக் கூச்சமாக இல்லை" என்று அவள் சொன்னாள். வீட்டில் துணி மாற்றும்போதெல்லாம் மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது, அந்தக் கூச்சத்தைச் சொன்னாள். அங்கே போன பிறகு மகள் மாலையில் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பாடம் படிப்பாள். இருவரும் சண்டைகூடப் போட்டார்கள். வலியில் இருந்தபோது சண்டை போடவும் அவளுக்குத் தெம்பு இருந்ததில்லை.

உங்கள் அப்பா வீடு என்கிறார், அறையும் இருக்கிறது, செய்யுங்கள். முடியாமல் போனால் அத்தை சொல்வதற்காக உங்களை வருத்திக்கொள்ளாதீர்கள். எங்கள் வீட்டிலும் வாசலோடுதான் எடுத்தார்கள். அதைப் பற்றி அவளிடம் முன்பே பேசியிருந்தேன். அவளுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை.

கோழிக்கோட்டுத் தமிழன்

பிழைப்புக்காக இங்கே வந்து வெகுநாள் ஆகிறது. 1993-இல் இந்த ஊர் மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் ராஜகோபாலும் மருத்துவர் சுரேஷ்குமாரும் சேர்ந்து தொடங்கிய சின்ன வலி நிவாரணக் கிளினிக்கிலிருந்துதான் கேரளம் முழுவதும் ஆதரவு சிகிச்சை பரவியது. 2008-இல் மாநில அரசே கொள்கை வகுத்தது. எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டுபவரும் பலசரக்குக் கடைக்காரரும் பயிற்சி பெற்ற தொண்டர்கள். செவிலி வாரத்துக்கு ஒருமுறை வந்தாலும், நடுவில் துணி மாற்றுவதும் பேச்சுத்துணைக்கு உட்காருவதும் இவர்கள்தான். உங்கள் ஊரில் அமைப்பு இல்லாவிட்டாலும் ஆட்கள் இருப்பார்கள். அப்பாவோடு தறி ஓட்டிய இரண்டு பேரைக் கேட்டுப் பாருங்கள், மதியம் இரண்டு மணி நேரம் வந்து உட்காரட்டும், நீங்கள் தூங்குங்கள்.

தறிக்காரர் மகள்

சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்துவிட்டேன். செவிலியர் வந்து பார்த்துவிட்டுப் போனார். விருதுநகரில் மார்ஃபின் எழுதித் தந்தார்கள். இரண்டு வாரத்துக்கு மட்டும்தான் தருவார்களாம். மலமிளக்கி எழுதும்வரை நான் எழுந்து வரவில்லை. அண்ணன் சனிக்கிழமை வருகிறார். அவர் மனம் இன்னும் முழுதாக மாறவில்லை, இருந்தாலும் வருகிறார்.

அக்கா, ஒரே ஒரு கேள்வி. கடைசி நாட்களில் கஞ்சி உள்ளே போகாவிட்டால் குளுக்கோஸ் ஏற்ற வேண்டுமா? பட்டினி போட்டுக் கொன்றுவிட்டோம் என்று அத்தை நினைப்பார்.

மலையடிவாரச் செவிலி

இப்போது கஞ்சி தங்குகிறது என்றால் கொடுத்துக்கொண்டே இருங்கள். உட்காரவைத்து, மெதுவாக. வயிறு ஏற்காத நாள் வரும்போது குழாயில் விட்டது எதுக்களித்து மேலே வரும். அப்போது அளவைக் குறையுங்கள், பிறகு நிறுத்திவிடுங்கள். உடல் மூடிக்கொண்டு வருகிறது, அதனால் உணவு வேண்டியிருப்பதில்லை. சாப்பிடாததால் சாகிறார் என்று அத்தை நினைப்பது தலைகீழ், அதை நானே போனில் அவரிடம் பேசிப் புரியவைக்கிறேன். அந்த நிலையில் பாட்டில் பாட்டிலாகக் குளுக்கோஸ் ஏற்றினால் தொண்டையில் சளி கூடும், கைகால் வீங்கும், மூச்சு இன்னும் சிரமமாகும். வாயை ஈரத் துணியால் அடிக்கடி துடையுங்கள், உதட்டில் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். அத்தைக்கு அந்த வேலையைக் கொடுங்கள். சோறூட்டிய கைக்கு ஏதாவது வேலை வேண்டும்.

தொண்டையில் கரகரவென்று சத்தம் வந்தால் ஒருபக்கமாகத் திருப்பிப் படுக்கவையுங்கள். அதற்கும் ஊசி மருந்து இருக்கிறது. குழாய் வேலை செய்யாத நிலையில் மார்ஃபினையும் தோலுக்கடியில் சின்ன ஊசி வைத்துக் கொடுக்கலாம். உங்கள் செவிலியரிடம் இந்த இரண்டையும் இப்போதே கேட்டு வையுங்கள்.

இரண்டு வார மருந்து என்றால் பத்தாவது நாளே வாங்கக் கிளம்பிவிடுங்கள். அடுத்த வாரம் தொடர் விடுமுறை வருகிறது, வியாழக்கிழமைக்குள் மாத்திரைகளை எண்ணிப் பாருங்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள், சாவி உங்களிடமும் அண்ணனிடமும் மட்டும் இருக்கட்டும். என் எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். இரவு எத்தனை மணியானாலும் கூப்பிடுங்கள்.